தையலுக்கு அப்பால்: உறுப்பு மாற்றும் ஆய்வகமும்

1933 ஏப்ரல் 3 அன்று உக்ரைனின் கெர்சோன் நகரில் யூரி வோரனோய் என்ற அறுவை மருத்துவர், இறந்து ஆறு மணி நேரமான ஒருவரின் சிறுநீரகத்தை எடுத்து 26 வயதுப் பெண் ஒருவரின் தொடையில் பொருத்தினார். அந்தப் பெண் பாதரச நஞ்சை விழுங்கியவர்; அவருடைய சிறுநீரகங்கள் இரண்டுமே நின்றுபோயிருந்தன. இறந்தவரின் சிறுநீரகத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்திய முதல் முயற்சி அதுதான். தையலில் குறையில்லை. ரத்தம் பாய்ந்தது, சிறிது சிறுநீர்கூட வந்தது. இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். கொடுத்தவரின் ரத்த வகை பி, பெற்றவருடையது ஓ.

இந்தப் பொருத்தமின்மையை இன்று தாலுகா மருத்துவமனை ரத்த வங்கியில்கூடச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள். ரத்த வகைகளைக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்தது 1901இல். ரத்த நாளங்களை ஒன்றோடொன்று சேரத் தைக்கும் முறையை வகுத்த அலெக்ஸிஸ் காரெல் 1912இலேயே நோபல் பரிசு வாங்கிவிட்டார். அதாவது கைவேலை முடிந்துவிட்டது. அதன் பிறகும் முதல் வெற்றிக்கு 42 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் மருத்துவம் தேடிக்கொண்டிருந்தது வேறொரு கேள்விக்கான விடையை: இந்த உடல் அந்த உறுப்பை ஏற்குமா? அதற்கு அறுவை அரங்கில் விடை இல்லை. சோதனைக் குழாயிலும் நுண்ணோக்கியிலும்தான் இருந்தது. உறுப்பு மாற்றின் வரலாற்றை நாம் அறுவை மருத்துவர்களின் வரலாறாகவே படித்துவருகிறோம். அது பாதி வரலாறு.

1940களில், போரில் தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டுவதைப் பற்றி ஆராயப் புகுந்த பீட்டர் மெடவார், ஒரே ஆளின் தோலை இரண்டாம் முறை ஒட்டினால் முதல் முறையைவிட விரைவாக அது உதிர்ந்துவிடுவதைக் கண்டார். உடல் நினைவு வைத்திருக்கிறது என்று இதற்குப் பொருள். நிராகரிப்பு என்பது நோய்த்தடுப்பாற்றலின் வேலை என்று நிலைநாட்டியது இதுதான். 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசஃப் மரே செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று, இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை, தாண்டிப் போனது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர், ரொனால்டும் ரிச்சர்டும். அவர்கள் உண்மையிலேயே ஒத்த இரட்டையர்தானா என்று உறுதிசெய்ய மருத்துவர்கள் அவர்களைக் காவல் நிலையத்துக்கு அனுப்பிக் கைரேகை எடுத்தார்கள். ஒருவர் தோலை மற்றவருக்கு ஒட்டியும் பார்த்தார்கள். திசுப் பொருத்தம் பார்க்க அன்று இருந்த சோதனைகள் இவ்வளவுதான். ஒத்த இரட்டையர் இல்லாதவர்களுக்கு என்ன வழி?

ஒரு சொட்டுச் சீரம்

1958இல் மூன்று இடங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே செய்தி வந்தது. பாரிஸில் ழான் டோசே, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட நோயாளிகளின் சீரத்தில் மற்றவர்களின் வெள்ளணுக்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதைக் காட்டினார். நெதர்லாந்தில் யோன் வான் ரூடும், அமெரிக்காவில் ரோஸ் பெய்னும், பிள்ளை பெற்ற தாய்மார்களின் ரத்தத்தில் அதே வகை எதிர்ப்பொருள்களைக் கண்டார்கள். குழந்தையின் செல்களில் பாதி அடையாளங்கள் தந்தையுடையவை. தாயின் உடல் அவற்றை அயலாகக் கண்டு எதிர்ப்பொருள் செய்கிறது. வெள்ளணுக்களின் மேலுள்ள இந்த அடையாளங்களுக்கு எச்எல்ஏ என்று பெயர் வந்தது. தாயிடமிருந்து ஒரு தொகுதி, தந்தையிடமிருந்து ஒரு தொகுதி என்று இவை வருவதால், உடன்பிறந்த இருவருக்குள் இவை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. ஒன்றுகூடப் பொருந்தாமல் போகவும் அதே நான்கில் ஒன்று. டோசே 1980இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த அறிவை அன்றாடம் செய்யக்கூடிய சோதனையாக மாற்றியவர் பால் தெராசாகி. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்க மண்ணில் பிறந்தும் ஜப்பானிய வம்சம் என்பதற்காகக் குடும்பத்தோடு அரிசோனாவின் முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன். பின்னர் லண்டனில் மெடவாரிடம் பயின்று கலிஃபோர்னியா திரும்பினார். அவர் முன்னிருந்த தொல்லை எளியது, ஆனால் தீராதது. நல்ல எதிர்ப்பொருள் உள்ள சீரம் கிடைப்பது அரிது. ஒவ்வொரு சோதனைக்கும் நிறையச் செலவானால் நூறு பேரைச் சோதிப்பதற்குள் தீர்ந்துவிடும். 1964இல் மெக்லெலண்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட முறையில் ஒரு சோதனைக்கு ஒரு மைக்ரோலிட்டர் சீரம் போதும். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அந்தச் சோதனையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் சீரம் உலர்ந்துவிடாமல் இருக்க மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். நுண் ஊசியால் நோயாளியின் சீரம் ஒரு துளி, அதனோடு கொடையாளரின் லிம்போசைட் வெள்ளணுக்கள் ஓர் ஈராயிரம். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால் அதற்குள் செல்லைப் பற்றிக்கொள்ளும். பிறகு முயல் சீரத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுதி. பற்றிக்கொண்ட எதிர்ப்பொருள் இருந்தால் காம்ப்ளிமென்ட் அந்தச் செல்லைத் துளைத்துவிடும். இன்னொரு மணி நேரம். பிறகு சாயம். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. நுண்ணோக்கியில் சிறிதாய், பளிச்சென்று மினுங்கும். இறந்த செல் சாயம் குடித்து, கருத்து, தட்டையாக உப்பிக் கிடக்கும். ஒவ்வொரு குழியிலும் எத்தனை விழுக்காடு இறந்திருக்கிறது என்று மதிப்பெண் போடுகிறார் ஆய்வக நுட்புநர். 1 என்றால் ஒன்றுமில்லை. 8 என்றால் பெரும்பாலும் எல்லாமே செத்துவிட்டன. அந்தச் சிறுநீரகத்தை அந்த நோயாளிக்கு வைக்கக் கூடாது.

வைத்தால் என்ன ஆகும்? 1969இல் படேலும் தெராசாகியும் வெளியிட்ட கணக்கு இதற்கு விடை சொன்னது. மொத்தம் 225 சிறுநீரக மாற்றுகளை எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கிராஸ்மேட்ச் சோதனையில் எதிர்வினை காட்டிய 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனடியாக வீணாகியிருந்தது. எதிர்வினை இல்லாத 195 பேரில் அப்படி ஆனது 8 பேருக்கு மட்டுமே. ரத்தக் குழாயின் கவ்வியைத் திறந்ததும் இளஞ்சிவப்பாக உப்ப வேண்டிய சிறுநீரகம், மேசையிலேயே நீலம் பாரித்துத் துவண்டுபோகும் காட்சியை அந்தக் கால அறுவை மருத்துவர்கள் பலரும் கண்டிருக்கிறார்கள். அதி உடனடி நிராகரிப்பு என்ற அந்தப் பேரிடர், இந்தச் சோதனை கட்டாயமான பிறகு ஏறக்குறைய மறைந்தேபோனது. மருத்துவத்தில் ஒரு சிக்கலை இவ்வளவு மலிவாகத் தீர்த்த சோதனைகள் அதிகமில்லை என்பது என் கருத்து. அதற்கு நோபல் கிடைக்கவில்லை. 2016இல் தெராசாகி காலமானார். அந்தக் குழித் தட்டுக்கு மட்டும் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

தெராசாகியின் தரவுகள் அவருடைய நம்பிக்கைகளையும் விட்டுவைக்கவில்லை. ரத்தம் ஏற்றினால் எதிர்ப்பொருள் உண்டாகும், எனவே டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்க வேண்டும் என்பதே அப்போது பொதுக் கருத்து. 1973இல் ஒபெல்ஸும் அவரும் கணக்குப் பார்த்தபோது, முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கே மாற்றுச் சிறுநீரகம் நன்றாக நீடித்திருந்தது. உடனே பல மையங்களில் வேண்டுமென்றே ரத்தம் ஏற்றத் தொடங்கினார்கள். நிராகரிப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து வந்த பிறகு அந்தப் பலன் மங்க, மீண்டும் பழைய எச்சரிக்கைக்கே திரும்பினார்கள்.

மனைவிக்குக் கணவன் கொடுக்கும்போது

எதிர்ப்பொருள் உண்டாகும் வழிகள் மூன்று: ரத்தம் ஏற்றுதல், முன்பு செய்த உறுப்பு மாற்று, கருவுறுதல். மூன்றாவது வழி நம் நாட்டில் ஒரு சமூகக் கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. இந்தியாவில் உயிரோடிருந்து சிறுநீரகமோ கல்லீரலின் பகுதியோ கொடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். பெற்றுக்கொள்பவர்களில் பெரும்பான்மை ஆண்கள். மனைவி கணவனுக்குக் கொடுப்பாள், தாய் மகனுக்குக் கொடுப்பாள். இதற்குக் காரணம் குடும்பத்தில் யாருடைய உயிருக்கும் உழைப்புக்கும் என்ன விலை வைத்திருக்கிறோம் என்பதுதான். உயிரியலின் மேல் பழி போட முடியாது.

ஆனால் ஒரு கணவர் மனமொப்பி மனைவிக்குக் கொடுக்க முன்வரும் அரிய நேரத்தில், உயிரியல் குறுக்கே வந்து நிற்கிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் பெற்ற பெண்ணின் ரத்தத்தில், பிள்ளைகள் வழியாகக் கணவருடைய எச்எல்ஏ அடையாளங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே இருக்கக்கூடும். பெற்ற பிள்ளையே தாய்க்குக் கொடுக்க வந்தாலும் இதே தடை வரலாம். கிராஸ்மேட்ச் எதிர்வினை காட்டும், மாற்று நின்றுபோகும். இத்தகைய இணைகளுக்காகத்தான் கொடையாளர்களை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. பொருந்தாத இரு இணைகள் தங்களுக்குள் சிறுநீரகங்களை மாற்றிக்கொள்ள 2011ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இந்தியாவில் இடமளித்தது. எந்த இணை எந்த இணையோடு பொருந்தும் என்று சொல்வது மறுபடியும் ஆய்வகம்தான்.

சோதனையின் கூர்மையும் இந்த அறுபது ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது. செல் சாகிறதா என்று பார்ப்பதைவிட, எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று ஒளிரும் சாயத்தால் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி முறை 1980களில் வந்தது. இன்றைய லூமினெக்ஸ் முறையில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் மணிகள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு எச்எல்ஏ அடையாளம் பூசப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தை அவற்றோடு கலந்தால், அவரிடம் எதற்கெல்லாம் எதிர்ப்பொருள் உண்டு, எவ்வளவு உண்டு என்று பட்டியலாகவே வந்துவிடும். கொடையாளரின் எச்எல்ஏ வகை தெரிந்தால், இருவர் ரத்தத்தையும் கலக்காமலேயே பொருத்தம் சொல்லிவிடலாம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இது உயிர் காக்கும் வசதி. எடுத்த இதயம் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. பழைய முறையில் கிராஸ்மேட்ச் முடிவுக்குக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். சிறுநீரகம் ஒரு நாள்வரை பொறுக்கும்.

கூர்மை கூடியதில் ஒரு சங்கடமும் உண்டு. மணிகள் காட்டும் எதிர்ப்பொருள் எல்லாமே தீங்கானவை அல்ல. மிக நுண்ணிய சோதனையை நம்பி நல்ல உறுப்பை மறுப்பதும் பிழைதான். காத்திருப்போர் பட்டியலில் அந்தப் பிழைக்கும் உயிர் விலை உண்டு. இன்னொன்று, எச்எல்ஏ வகைகள் இன்று 30,000க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. மணிகளில் இருப்பவை ஏறத்தாழ நூறு. எந்த மக்கள்கூட்டத்தில் எந்த வகை மிகுதி என்பது தெரியாமல், வெளிநாட்டில் தயாரான மணித் தொகுப்பை அப்படியே நம்புவது அரைகுறை வேலை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர். எம். பிச்சப்பன் பல ஆண்டுகள் தமிழக மக்கள்குழுக்களின் எச்எல்ஏ வகைகளை ஆராய்ந்தது வெறும் மானுடவியல் ஆர்வம் அல்ல. நம் நோயாளியின் அறிக்கையைச் சரியாகப் படிப்பதற்கான அடித்தளம்.

காலை மாத்திரைக்கு முன்

பொருத்தம் பார்த்தாயிற்று, உறுப்பும் வைத்தாயிற்று. இனி உடலை வாழ்நாள் முழுவதும் சமாதானப்படுத்தி வைக்க வேண்டும். அதற்கான மருந்துகள் இரண்டு மண்ணிலிருந்து கிடைத்தன. சைக்ளோஸ்போரின், நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமி மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. 1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டாக்ரோலிமஸ், ஜப்பானின் சுகுபா மலைப்பகுதி மண்ணில் 1984இல் கண்டெடுத்த பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது. இன்று சிறுநீரகம், கல்லீரல் எது மாற்றினாலும் பெரும்பாலானோர் விழுங்குவது டாக்ரோலிமஸ்தான்.

அந்த மருந்தின் குணம் பொல்லாதது. குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் காப்பாற்ற வந்த சிறுநீரகத்தையே அது அழிக்கும், கை நடுங்கும், சர்க்கரை ஏறும். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 முதல் 10 நானோகிராம் என்ற குறுகிய இடைவெளிக்குள், மாற்று நடந்த புதிதில் சற்றுக் கூடுதலாக, அதை வைத்திருக்க வேண்டும். நானோகிராம் என்றால் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதை அளக்கும் ஆய்வகம் இல்லாமல் இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது.

மருத்துவமனை வாசலில் காலை ஆறரை மணிக்கே வந்து உட்கார்ந்திருக்கும் மாற்று நோயாளிகளைப் பார்த்தால், கையில் ஒரு சிறு டப்பாவில் அன்றைய காலை மாத்திரை இருக்கும். ரத்தம் கொடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும். முந்தைய இரவு வேளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த வேளைக்கு முன்னால் இருக்கும் மிகக் குறைந்த அளவைத்தான் மருத்துவர் கேட்கிறார். பழக்கத்தில் வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் எண் எகிறும்; மருத்துவர் அதை நம்பி அளவைக் குறைப்பார்; சில வாரத்தில் நிராகரிப்பு. ‘வெறும் வயிற்றோடு வாங்க’ என்று சொல்லி அனுப்புவது போதாது. வெறும் வயிற்றில் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. ‘மாத்திரை போடாம வாங்க, ரத்தம் கொடுத்ததும் போடுங்க’ என்று சொல்ல வேண்டும். கடைசி வேளையை எத்தனை மணிக்கு விழுங்கினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளாத ஆய்வகம், எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்திருந்தும் பயனில்லை.

மருந்தின் பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் ஒளிந்திருப்பதால், சீரத்தைப் பிரித்தால் கணக்குத் தப்பிவிடும். ஊதா மூடிக் குழாயில் முழு ரத்தமாக எடுக்க வேண்டும். அளக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. பரவலாக உள்ள இம்யூனோஅஸே கருவிகள் மருந்தின் சிதைவுப் பொருள்களையும் ஓரளவு சேர்த்து எண்ணிவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மருந்தை மட்டும் எண்ணும். ஒரே ரத்தத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண் வரலாம். எனவே ஒரு நோயாளி ஒரே ஆய்வகத்தில் தொடர்வது நல்லது. உணவும் மற்ற மருந்துகளும்கூட இந்த அளவை மாற்றும். பம்ப்ளிமாஸ் பழம் அதை ஏற்றிவிடும். பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோலும் ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அடியோடு இறக்கிவிடும். இந்தக் கடைசிப் பெயர் நமக்கு முக்கியம். 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, தன் நோயாளிகள் 1,251 பேரைப் பற்றி 2001இல் வெளியிட்ட ஆய்வில், 13 விழுக்காட்டினருக்கு மாற்றுக்குப் பின் காசநோய் வந்திருந்தது. மேலைநாட்டு மையங்களில் இது அரிதான சிக்கல். காசநோய் மருந்தைத் தொடங்கிய நாளிலிருந்து டாக்ரோலிமஸ் அளவைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

மரபணுவும் இதில் கை வைக்கிறது. மருந்தைச் சிதைக்கும் நொதியை முழு வீச்சில் செய்யும் மரபணு வடிவம், ஐரோப்பியர்களைவிட ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் தெற்காசியரிடமும் அதிகம். வெளிநாட்டுப் பாடநூலில் உள்ள அளவு இவர்களுக்குப் போதாமல் போகும். நோயாளிக்கு நோயாளி அளவு மாறுவது மருத்துவரின் கணிப்புப் பிழை என்று நினைக்க வேண்டியதில்லை.

ஒரே எண், எதிரெதிர் மருத்துவம்

மாற்று நோயாளிகளின் வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடமான சொல் ஒன்று உண்டு: கிரியேட்டினின், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு. ‘இந்த மாசம் எவ்வளவு?’ என்று கேட்டால் ஒன்று புள்ளி இரண்டு என்று பாட்டிகூடச் சொல்லிவிடுவார். 1886இல் மாக்ஸ் யாஃபே கண்ட நிற வினையை அடிப்படையாகக் கொண்ட சோதனையே இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. மலிவு, விரைவு. ஆனால் கிரியேட்டினின் ஏறும்போது சிறுநீரகத்தில் சேதம் ஏற்கெனவே நடந்துவிட்டிருக்கும். ஏன் ஏறியது என்றும் அது சொல்லாது.

இங்கேதான் பிகே வைரஸ் வருகிறது. 1971இல் லண்டனில் ஒரு சிறுநீரக மாற்று நோயாளியின் சிறுநீரில் கண்டுபிடித்து, அவருடைய பெயரின் முதலெழுத்துகளையே வைரஸுக்குச் சூட்டினார்கள். நம்மில் பெரும்பாலோர் உடலில் அது சிறு வயதிலிருந்தே உறங்கிக்கொண்டிருக்கிறது. தடுப்பாற்றலை மருந்தால் அடக்கும்போது விழித்துச் சிறுநீரகத்தைத் தின்னும். கிரியேட்டினின் 1.2இலிருந்து 2.0 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிராகரிப்பு என்றால் தடுப்பாற்றலை மேலும் அடக்க வேண்டும். ஸ்டெராய்டு ஊசி, தேவைப்பட்டால் அதைவிட வலுவான மருந்து. பிகே வைரஸ் என்றால் அதற்கு நேரெதிர். அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டும். ஒன்றை மற்றொன்று என்று எண்ணி மருத்துவம் செய்தால் உறுப்பு போய்விடும். ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் பிசிஆர், ஊசியால் எடுத்த திசுத் துணுக்கு, அதில் எதிர்ப்பொருளின் தடத்தைக் காட்டும் சி4டி சாயம், கொடையாளருக்கு எதிராகப் புதிதாய் எதிர்ப்பொருள் தோன்றியிருக்கிறதா என்ற லூமினெக்ஸ் சோதனை ஆகிய நான்கையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். திசுத் துணுக்கை உலகெங்கும் ஒரே அளவுகோலில் படிக்க, கனடாவின் பான்ஃப் நகரில் 1991இல் கூடிய நோய்க்கூறியலாளர்கள் வகுத்த முறை இன்றும் அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது.

துணுக்கு எடுக்கும் ஊசிக்கு மாற்று உண்டா? 1998இல் ஹாங்காங்கில் டென்னிஸ் லோ குழு, ஆணின் உறுப்பைப் பெற்ற பெண்களின் ரத்தத்தில் ஒய் குரோமோசோமின் டிஎன்ஏ மிதப்பதைக் கண்டது. உறுப்பின் செல்கள் சாகும்போது அவற்றின் டிஎன்ஏ துண்டுகள் ரத்தத்தில் கலக்கின்றன. இன்று பாலினம் எதுவானாலும், கொடையாளரின் டிஎன்ஏ மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று வரிசையறியும் கருவிகள் சொல்லிவிடும். சிறுநீரகத்தில் அது 1 விழுக்காட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று 2017இல் வந்த ஆய்வு ஒன்று வரம்பு கட்டியது. கிரியேட்டினினைவிட முன்னதாக எச்சரிக்கும் என்பது உண்மை. ஆனாலும் இந்தச் சோதனைக்கு இப்போது நடக்கும் விளம்பரத்தை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. காயம் இருக்கிறது என்று அது சொல்லும். காயத்தின் காரணத்தைச் சொல்லாது. பிகே வைரஸ் தின்றாலும் அந்த விழுக்காடு ஏறும். விலையும் நம் நோயாளிகளுக்கு எட்டாதது. நேரத்துக்கு எடுத்த டாக்ரோலிமஸ் அளவும் ஒழுங்கான கிரியேட்டினினும் பிகே பிசிஆரும் எல்லோருக்கும் கிடைத்த பிறகு இதைப் பற்றிப் பேசலாம்.

தவறிய சோதனைகள்

2003இல் அமெரிக்காவின் வட கரோலினாவில், பெயர்பெற்ற பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றில், ஓ வகை ரத்தமுள்ள 17 வயதுச் சிறுமிக்கு ஏ வகைக் கொடையாளரின் இதயத்தையும் நுரையீரல்களையும் பொருத்தினார்கள். சிறுமி பிழைக்கவில்லை. வோரனோய் காலத்துக்கு எழுபது ஆண்டுகள் கழித்து, அதே பொருத்தமின்மை. இம்முறை அறிவு இருந்தது, சோதனையும் நடந்திருந்தது. ஒருவர் சரிபார்த்திருப்பார் என்று மற்றவர் நினைத்துக்கொண்டார். ரத்த வகையை இருவர் தனித்தனியே உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி அதன் பின்னர் அமெரிக்காவில் இறுகியது.

2022 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் டேவிட் பென்னெட்டுக்கு, பத்து மரபணு மாற்றங்கள் செய்த பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. இரண்டு மாதம் உயிரோடிருந்தார். பின்னர் ஆராய்ந்தபோது அந்த இதயத்தோடு பன்றியின் சைட்டோமெகலோ வைரஸும் வந்திருந்தது தெரிந்தது. பன்றியின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் இல்லை என்றே முடிவு வந்திருந்தது; ஆனால் உறங்கும் வைரஸ் மூக்கில் தென்படாது. அவர் மரணத்துக்கு அது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, பங்கு உண்டு என்கிறார்கள். மரபணுவை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பம் அவ்வளவு தூரம் வந்த பிறகும், எந்த மாதிரியை எந்த முறையில் சோதிப்பது என்ற பழைய கேள்வியில் கால் இடறியது.

நல்ல செய்தியும் அதே திசையிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், எந்த மையமும் வேண்டாமென்று ஒதுக்கிய 31 கல்லீரல்களை உடல் வெப்பத்தில் ரத்தம் ஓட்டும் கருவியில் வைத்தார்கள். கல்லீரல் உயிர்ப்போடு இருந்தால் லாக்டேட்டை எரித்துக் குறைக்கும். நான்கு மணி நேரத்துக்குள் லாக்டேட் 2.5க்குக் கீழே இறங்கியதா என்பதே முதன்மையான தேர்வு. 22 கல்லீரல்கள் தேறின, நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. 90 நாள் முடிவில் அந்த 22 பேரும் உயிரோடிருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் தினமும் பார்க்கும் சாதாரணமான ஒரு சோதனை, குப்பைக்குப் போக வேண்டிய உறுப்பை மீட்டுத் தந்தது.

தமிழ்நாட்டுக் கணக்கு

2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது, அவருடைய இதயம் சென்னைத் தெருக்களில் 11 நிமிடத்தில் முகப்பேருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஓட்டம் மக்கள் மனத்தில் பதிந்தது, திரைப்படமாகவும் ஆனது. அதே ஆண்டில் அரசாணைகளோடு தொடங்கிய தமிழ்நாட்டின் உறுப்புக் கொடைத் திட்டம் நாட்டுக்கே முன்னோடியாயிற்று. 2023இலிருந்து உறுப்புக் கொடையாளர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது.

வண்டி ஓடும் அந்த நிமிடங்களுக்கு முன்னால் நடப்பதைக் கேமரா காட்டுவதில்லை. மூளைச்சாவை உறுதிசெய்யும் மூச்சுச் சோதனையே ஓர் ஆய்வக எண்ணில்தான் முடிகிறது. செயற்கைச் சுவாசத்தை எட்டுப் பத்து நிமிடம் விலக்கி, தமனி ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடின் அழுத்தம் 60 மில்லிமீட்டரைத் தாண்டியும் மார்பு அசையவில்லை என்றால்தான் அது மூளைச்சாவு. ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை. குடும்பம் ஒப்பிய பிறகு ரத்த வகை, எச்ஐவி, மஞ்சள்காமாலை பி, சி, உறுப்புகளின் செயல்பாடு, எச்எல்ஏ வகை, காத்திருப்போரின் சீரத்தோடு கிராஸ்மேட்ச். இவையெல்லாம் பெரும்பாலும் இரவில் நடக்கின்றன. விபத்துகள் அலுவலக நேரம் பார்ப்பதில்லை.

அந்த இரவில் ஒரு நுட்புநர் முயல் காம்ப்ளிமென்ட்டை உறைநிலையிலிருந்து எடுத்து உருக்கி, அது வீரியம் இழப்பதற்குள் குழிகளில் இட்டாக வேண்டும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்திருந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும் என்பதை அறிந்து மாதிரியைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் வேண்டும். மேலே ஒரு பேராசிரியர் தொலைபேசியில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தாலும். கருவி சரியாக அளக்கிறதா என்று தெரிந்த அளவுள்ள மாதிரியை ஒவ்வொரு நாளும் ஓட்டிப் பார்ப்பது, வெளியிலிருந்து வரும் அறியா மாதிரியை மாதந்தோறும் அளந்து அனுப்பித் தன் பிழையைத் தானே ஒப்புக்கொள்வது எல்லாம் வெளிச்சத்துக்கு வராத ஒழுக்கங்கள். அப்படி நாடு முழுவதுமுள்ள ஆய்வகங்களின் எண்களை ஒப்பிட்டுத் திருத்தும் திட்டத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நெடுங்காலமாக நடத்திவருவது, அங்கே நடந்த முதல் சிறுநீரக மாற்றுக்கு இணையான சாதனை என்றே நான் சொல்வேன்.

ஒரு மருத்துவக் கல்லூரிக்கு உறுப்பு மாற்று உரிமம் கிடைத்தால் அறுவை அரங்கைத் திறந்துவைக்க அமைச்சர் வருகிறார். ஆய்வகத்தில் ஒப்பந்தக் கூலிக்கு இரவுப் பணி பார்க்கும் நுட்புநர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அவரோடு பயிற்சியும் போய்விடுகிறது. உறுப்பு மாற்றுக்கு உரிமம் பெறும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், இருபத்து நான்கு மணி நேரமும் கிராஸ்மேட்ச் செய்யக்கூடிய ஆய்வகமோ, அத்தகைய ஆய்வகத்தோடு உறுதியான இணைப்போ இருக்க வேண்டும். டாக்ரோலிமஸ் அளவை வெளியே தனியாரிடம் காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய நிலை, மாத்திரையை இலவசமாகக் கொடுத்து அதன் பயனைப் பறிப்பதற்குச் சமம். அந்தச் சோதனையும் அரசுக் காப்பீட்டின் கீழ் வாழ்நாள் முழுவதும் வர வேண்டும். எச்எல்ஏ பயிற்சி பெற்ற நுட்புநர்களுக்கு நிரந்தரப் பணியிடமும் இரவுப் பணிக்கு உரிய ஊதியமும் வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் புதிய அறுவை அரங்குகளுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை இதற்கென்று தனித் தலைப்பில் ஒதுக்கினாலே இவ்வளவையும் தொடங்கிவிடலாம்.